அஞ்சு ரூபாய்ச் சம்பளத்தில் ஒரு சரோஜினி

மட்டாஞ்சேரிக்கு மாற்றலாகி வந்த புதிதில் ஒரு விஷயம் எனக்குப் பிடிபடவே இல்லை. இங்கே யாரைக் கேட்டாலும் பாடகர் மெஹ்பூபைப் பற்றி ஏதோ தன் வீட்டுச் சித்தப்பா மாதிரி பேசுகிறார்கள். மனிதர் போய்ச் சேர்ந்தது 1981இல். ஆனால் சாயங்காலம் மிளகு, சுக்கு மூட்டைகளெல்லாம் கிட்டங்கிக்குள் போன பிறகு பஜார் ரோட்டில் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் யாராவது ஒருத்தர் மேஜையைத் தட்டிக்கொண்டு அவர் பாட்டை முணுமுணுத்துக் கொண்டிருப்பார்.

அப்படி ஒரு சாயங்காலம்தான் இந்தக் கதை ஆரம்பித்தது. எங்கள் கிளைக்குப் பக்கத்துக் கடைக்காரர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், 'இக்கா' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். "சாரே, இது எந்தப் படத்துப் பாட்டு தெரியுமா?" என்றார். தெரியாது என்றேன். நம் ஞானம் எல்லாம் இளையராஜாவோடு நின்றுவிட்டதே. 'நீலக்குயில்' என்றார். 1954ஆம் வருடப் படம். தயாரித்த பரீக்குட்டியும் கொச்சிக்காரர்தான் என்பதில் அவருக்கு ஏகப் பெருமை.

அந்த ஞாயிற்றுக்கிழமையே படத்தைத் தேடிப் பிடித்துப் பார்த்தேன். ராமு காரியாட்டும் பி. பாஸ்கரனும் சேர்ந்து இயக்கியது, கதை உரூப். குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கம் வாங்கிய முதல் மலையாளப் படம். நீலி என்கிற புலையர் சாதிப் பெண். ஸ்ரீதரன் நாயர் என்கிற பள்ளிக்கூட வாத்தியார் (சத்யன்) அவளைக் காதலிக்கிறார், அவள் கர்ப்பமாகிறாள், வாத்தியாருக்குச் சாதி ஞாபகம் வந்துவிடுகிறது. நீலி ரயில் பாதை ஓரத்தில் பிள்ளையைப் பெற்றுவிட்டுச் செத்துப் போகிறாள். பிள்ளையை ஒரு தபால்காரர் எடுத்து வளர்க்கிறார். கடைசியில் வாத்தியார் மனம் திருந்துகிறார். அவர் திருந்துவதற்கு நீலி செத்தாக வேண்டியிருக்கிறது, அது வேறு விஷயம்.

மறுநாள் இக்காவிடம், நீலியாக நடித்தது யார் என்று கேட்டேன். மிஸ் குமாரி. சொந்தப் பெயர் தெரேசியம்மா, பரணங்ஙானத்துக் கிறிஸ்தவப் பெண். அருமையாகத்தான் நடித்திருக்கிறார், குறை ஒன்றுமில்லை. ஆனாலும் வாய் சும்மா இருக்காமல், "ஏன் இக்கா, புலையப் பெண் வேடத்துக்கு ஒரு புலையப் பெண் கிடைக்கவில்லையா?" என்று கேட்டுவைத்தேன்.

இக்கா டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "முதல் படத்திலேயே ஒருத்தி நடிச்சாளே சாரே. அவளை உங்க நாகர்கோவிலுக்கு ஓட்டிவிட்டாங்க."

எனக்கு ஊர் திருநெல்வேலி. ஆனால் இவர்களுக்குப் பாறசாலை தாண்டினால் எல்லாம் 'உங்க' ஊர்தான். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு பல மாதங்களாகக் கிடைத்ததையெல்லாம் படித்துக் கொண்டிருந்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

மலையாளத்தின் முதல் படம் 'விகதகுமாரன்'. ஊமைப்படம். எடுத்தவர் ஜே.சி. டேனியல், அகஸ்தீஸ்வரத்துத் தமிழ் நாடார் கிறிஸ்தவர். 1926இல் திருவனந்தபுரம் பட்டத்தில் 'திருவிதாங்கூர் நேஷனல் பிக்சர்ஸ்' என்று ஸ்டூடியோ தொடங்கி, சொத்தை விற்றுப் பணம் போட்டார். நாலு லட்சம் ரூபாய் என்று எழுதுகிறார்கள். கதை எழுதியது, இயக்கியது, கதாநாயகனாக நடித்தது எல்லாம் அவரே. பணக்காரத் திருவிதாங்கூர் வீட்டுப் பிள்ளை ஒருவனை வில்லன் இலங்கைக்குக் கடத்திப் போகிறான், அவன் அங்கே தோட்டத்தில் வளர்ந்து, கடைசியில் வீடு திரும்புகிறான் என்பது கதை. அந்தப் பிள்ளையின் தங்கை சரோஜினி, நாயர் குடும்பத்துப் பெண். கதாநாயகி அவள்தான்.

இந்தச் சரோஜினிக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.

அந்தக் காலத்தில் இது டேனியலுக்கு மட்டும் வந்த பிரச்சினை இல்லை. 1913இல் பால்கே 'ராஜா ஹரிச்சந்திரா' எடுத்தபோது சந்திரமதிக்குப் பெண் கிடைக்காமல், ஹோட்டலில் சமையல் வேலை பார்த்த சாலுங்கே என்ற ஆளுக்குச் சேலை கட்டினார். அதே சாலுங்கே 1917இல் 'லங்கா தகன்' படத்தில் ராமனாகவும் சீதையாகவும் இரண்டு வேடத்திலும் நடித்தார். அப்புறம் யூதப் பெண்களும் ஆங்கிலோ இந்தியப் பெண்களும் வந்தார்கள். பாக்தாதி யூத வம்சத்து ரூபி மையர்ஸ், டெலிபோன் ஆபரேட்டர், 'சுலோசனா' ஆனார். ரெனீ ஸ்மித் 'சீதாதேவி' ஆனார். எஸ்தர் ஆபிரகாம் 'பிரமீளா' ஆனார். பெயரை மாற்றிக்கொண்டால் போதும், இந்துக் குடும்பப் பெண்ணாக அவர்கள் நடித்ததை தேசமே ஏற்றுக்கொண்டது. (எங்கள் கிளையிலிருந்து பத்து நிமிட நடையில் யூதத் தெரு. அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்குச் சுலோசனா ஞாபகம்தான் வருகிறது. இந்தக் கொச்சி யூதர்களுக்கும் அந்த பம்பாய் யூதர்களுக்கும் ஒட்டு உறவு கிடையாது என்று யாராவது சண்டைக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.)

டேனியலும் முதலில் பம்பாயிலிருந்து ஒரு நடிகையை வரவழைத்து, அது சரிப்படாமல் போனது என்கிறார்கள். அப்புறம் கண்டுபிடித்தவர்தான் ராஜம்மா. திருவனந்தபுரம் நந்தன்கோட்டைச் சேர்ந்த புலையர் பெண், புல் அறுத்து விற்கிற குடும்பம். காக்காரிசி நாடகத்தில் நடித்துக் கொண்டிருந்தார். சிவனும் பார்வதியும் குறவன் குறத்தியாக வருகிற நாட்டார் கூத்து அது. நம்மவர்களுக்கு இதில் ஒரு ருசி உண்டு, காக்காரிசியின் பாட்டும் பேச்சும் பாதித் தமிழ், பாதி மலையாளம். ஆகவே, 'ஒன்றும் தெரியாத கூலிக்காரப் பெண்ணைப் பிடித்து நடிக்க வைத்தார்' என்று சிலர் எழுதுவதை நம்பாதீர்கள். அவர் நடிகையாகத்தான் அந்த ஸ்டூடியோவுக்குள் போனார்.

ராஜம்மா என்ற பெயர் 'ரோஸி' ஆனது. டேனியல்தான் வைத்தார் என்பது ஒரு கட்சி, குடும்பம் கிறிஸ்தவத்துக்கு மாறியபோதே வந்த பெயர் என்பது இன்னொரு கட்சி. எப்படியானாலும் வேடிக்கையைப் பாருங்கள். பம்பாயில் ரூபி சுலோசனா ஆகிறாள், இங்கே ராஜம்மா ரோஸி ஆகிறாள். அங்கே வெள்ளைத் தோலை மறைக்க இந்துப் பெயர். இங்கே எதை மறைக்க இங்கிலீஷ் பெயர் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

சம்பளம் ஒரு நாளைக்கு அஞ்சு ரூபாய், பத்து நாள் வேலை. காலையில் கையில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வருவார், சாயங்காலம் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். வங்கிக்காரனுக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியாது. நாலு லட்சத்தில் ஐம்பது ரூபாய் என்றால் எட்டாயிரத்தில் ஒரு பங்கு. கதாநாயகிக்கு!

படம் திருவனந்தபுரம் கேப்பிட்டல் தியேட்டரில் வெளியானது. 1928 நவம்பர் 7 என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். பிறகு கிடைத்த நோட்டீசை வைத்து 1930 அக்டோபர் 23 என்று ஆராய்ச்சியாளர்கள் திருத்தியிருக்கிறார்கள். தொடங்கிவைக்க வந்தவர் பெரிய வக்கீல் மள்ளூர் கோவிந்தப் பிள்ளை. ரோஸி வந்தால் நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். தான் நடித்த படத்தின் முதல் காட்சியில் கதாநாயகிக்கு இடமில்லை. படம் ஓட ஆரம்பித்தது. நாயர் வீட்டுப் பெண்ணின் உடையில் ரோஸி திரையில் வந்ததும் கூச்சல். கதாநாயகன் அவர் தலையிலிருந்த பூவை முத்தமிடும் காட்சியில் கல் பறந்து திரை கிழிந்தது. அதோடு விடவில்லை. சில நாட்களில் ரோஸியின் குடிசைக்குத் தீ வைத்தார்கள்.

'பெண் சினிமாவில் நடித்ததால் அந்தக் காலத்தில் எதிர்ப்பு' என்று ஒரு வரியில் இதைக் கடந்து போகிறவர்கள் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. கேரளத்தில் பெண் நடிப்பது புதிது இல்லை. நங்யார்கூத்தில் பெண்கள் கோயிலுக்குள்ளேயே பல நூற்றாண்டுகளாக ஆடி வந்திருக்கிறார்கள். அது போகட்டும், ஆண் பெண்ணாக நடிப்பதாவது உறுத்தியதா? ரோஸி போன சில வருடங்களிலேயே 'கருணா' நாடகத்தில் ஓச்சிற வேலுக்குட்டி என்ற நடிகர் வாசவதத்தையாக வந்து கேரளத்தையே மயக்கினார். ஊர் ஊராகப் போட்டார்கள். ஆண்பிள்ளை தாசியாக வரலாம், கிறிஸ்தவப் பெண் பிற்பாடு புலையப் பெண்ணாகவும் வரலாம், யாரும் கல்லை எடுக்கவில்லை. அதே 'விகதகுமார'னில் வில்லனாக நடித்த ஜான்சனின் மகள் பி.எஸ். சரோஜா பின்னாளில் தமிழிலும் மலையாளத்திலும் பெரிய கதாநாயகி. அப்போதும் கல் இல்லை. ஆகவே 'பெண்' என்பது காரணம் இல்லை. எந்தப் பெண் எவளுடைய உடையில் வந்தாள் என்பதே காரணம்.

உடை என்றதும் நமக்குத் தோள்சீலைக் கலகம் ஞாபகம் வரவேண்டும். டேனியலின் சொந்த ஜனங்களான தெற்குத் திருவிதாங்கூர் நாடார் பெண்கள் மேலாடைக்காக ஐம்பது வருடம் போல அடி வாங்கிப் போராடிய கதை. 1859இல் மகாராஜா ஒரு அறிவிப்புப் போட்டார். நாடார் பெண்கள் மாரை மறைத்துக்கொள்ளலாம். பெரும்பாலான புத்தகங்கள் இந்த இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிடும். ஆனால் கடன் பத்திரம் மாதிரி அதிலும் கீழே ஒரு ஷரத்து இருந்தது: மேல்சாதிப் பெண்கள் உடுத்துகிற மாதிரி உடுத்தக் கூடாது. ஆடை கொடுத்தார்கள், தோற்றத்தைக் கொடுக்கவில்லை.

புலையர் பெண்களுக்கு நகையிலும் விதி. கழுத்தில் கல்லும் பாசியும் கோத்த கல்லுமாலைதான் போட வேண்டும், பார்த்தவுடன் இன்ன சாதி என்று தெரிய. அய்யங்காளியின் தலைமையில் 1915இல் கொல்லம் பக்கம் பெரிநாட்டுக் கிளர்ச்சி நடந்தபோது அந்தப் பெண்கள் கல்லுமாலையை அறுத்துக் குவித்தார்கள். ரோஸி பிறந்தது 1903 என்றால் அப்போது பன்னிரண்டு வயதுச் சிறுமி.

இந்தக் கொச்சி ராஜ்யமும் லேசுப்பட்டதில்லை. நான் அவ்வப்போது மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து படகில் எறணாகுளம் போவேன். இந்தக் காயலில்தான் 1913இல் புலையர்கள் படகுகளைச் சேர்த்துக் கட்டி அதன் மேல் மாநாடு நடத்தினார்கள். பண்டிட் கருப்பன் முன்நின்று நடத்திய காயல் சம்மேளனம். ராஜாவுக்குச் சொந்தமான தரையில் கூட்டம் போட அனுமதி இல்லை, தண்ணீருக்கு யாரும் தடை போட்டிருக்கவில்லை. கரையில் நின்று கூட்டம் கேட்க முடியாத ஜனத்திலிருந்து ஒரு பெண், பதினைந்து பதினேழு வருடம் கழித்து, நாயர் வீட்டு முண்டும் பூவுமாக ஒரு தியேட்டரின் முழுத் திரைக்கும் வந்து நின்றால்? 1859 ஷரத்தை மீறியவர் என்று பார்த்தால் அந்தக் கல்லுக்கு அர்த்தம் புரிகிறது. சரோஜினி கதாபாத்திரம்தானே, நடிப்புதானே என்று அங்கே யாரும் நினைக்கவில்லை. சினிமா என்றால் என்னவென்று தெரியாத ஜனங்கள் என்று இதற்குச் சமாதானம் சொல்வார்கள். எனக்கென்னவோ, சினிமா என்ன செய்யும் என்பது அவர்களுக்கு டேனியலைவிட நன்றாகத் தெரிந்திருந்தது என்றே படுகிறது.

அப்புறம் நடந்ததற்கு ஆவணம் குறைவு, வாய்மொழிதான் அதிகம். இரவில் தமிழ்ப் பக்கம் போகிற ஒரு லாரியில் ஏறித் தப்பினார் ரோஸி. அந்த லாரி ஓட்டுநரையே கல்யாணம் செய்துகொண்டு நாகர்கோவிலில் குடியிருந்தார். அவர் நாயர் சாதிக்காரர் (இதை எந்தக் கதாசிரியரும் எழுதத் துணிய மாட்டார்). திரையில் சில நிமிடம் நாயர் பெண்ணாக வந்ததற்கு வீட்டைக் கொளுத்தினார்கள், மிச்ச வாழ்க்கை முழுவதும் நாயர் வீட்டுப் பெண்ணாகவே அவர் வாழ்ந்து முடித்தார். பெயர் ராஜம்மாள். ராஜம்மாவோடு ஒரு 'ள்' சேர்த்ததும் தமிழ்ப் பெண் ஆகிவிட்டார், பாருங்கள். 1980களின் கடைசியில் காலமானார். பிள்ளைகள் அப்பாவின் சாதியில் வளர்ந்தார்கள், அம்மா நடித்த கதை வீட்டில் பேச்சிலேயே கிடையாது என்று தேடிப் போனவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

நாகர்கோவில் அப்போது திருவிதாங்கூருக்குள்தான் இருந்தது. ஆகவே அவர் ராஜ்யத்தை விட்டு ஓடவில்லை, மொழியை விட்டு ஓடினார். 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்த பிறகுதான் எல்லை அவருக்குப் பின்னால் வந்து நின்றது. அந்த எல்லை டேனியலுக்கும் வினை வைத்தது. படத்தில் எல்லாம் போய், பல் வைத்தியராகப் பிழைத்து, வயதான காலத்தில் நலிந்த கலைஞருக்கான உதவி கேட்டபோது, நீங்கள் தமிழ்நாட்டுக்காரர், அங்கே போய்க் கேளுங்கள் என்றது கேரள அரசு. 1975இல் இறந்தார். சேலங்ஙாட்டு கோபாலகிருஷ்ணன் என்ற பத்திரிகையாளர் விடாமல் எழுதி எழுதித்தான் 'மலையாள சினிமாவின் தந்தை' என்ற பட்டம் வந்தது. 1992இல் ஜே.சி. டேனியல் விருது ஏற்படுத்தினார்கள்.

ரோஸியின் முறை வர இன்னும் காலம் பிடித்தது. குன்னுகுழி எஸ். மணி போன்ற தலித் எழுத்தாளர்கள்தான் இதைத் தோண்டிக் கொண்டேயிருந்தார்கள். வினு ஆபிரகாம் 2008இல் 'நஷ்ட நாயிகா' என்று நாவல் எழுதினார். 2013இல் கமல் இயக்கிய 'செல்லுலாய்டு' வந்தது, பிருத்விராஜ் டேனியலாக. படம் பார்த்து நானும் கண் கலங்கினேன், மறைக்கவில்லை. ஆனால் இரண்டாம் முறை பார்த்தபோது உறுத்தியது. அதில் வருகிற ரோஸி எப்போதும் பயந்து, ஒதுங்கி, டேனியல் சாருக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். கூத்து மேடையில் நூறு பேர் முன்னால் நின்று பாடி ஆடிய பெண் இப்படியா இருந்திருப்பாள்? தலித் விமர்சகர்கள் அப்போதே இதைக் கேட்டார்கள். 1930இல் அவருக்குத் தரப்படாத கம்பீரத்தை 2013லும் நாம் தரவில்லை. சரோஜினி வேடத்தையாவது அவர் சம்மதித்து வாங்கினார். 'இழந்த நாயகி' வேடத்தை அவரைக் கேட்காமலே கொடுத்துவிட்டோம்.

2017இல் இதே கொச்சியில் ஒரு நடிகை ஓடும் காரில் தாக்கப்பட்ட பிறகு, மலையாள சினிமாப் பெண்கள் சேர்ந்து ஓர் அமைப்பு தொடங்கினார்கள். 2019இல் அவர்கள் ஆரம்பித்த திரைப்படச் சங்கத்துக்கு பி.கே. ரோஸி பெயரைத்தான் வைத்தார்கள். அவர்கள் கேட்டு அரசு அமைத்த நீதிபதி ஹேமா குழு அதே வருடக் கடைசியில் அறிக்கை கொடுத்தது. அது வெளிச்சத்துக்கு வர 2024 ஆகஸ்ட் ஆனது, அதுவும் பல இடங்களை நீக்கிவிட்டு. படப்பிடிப்பு இடத்தில் கழிப்பறை இல்லை, உடை மாற்ற இடமில்லை என்றெல்லாம் வருகிற பக்கங்களைப் படிக்கும்போது, பத்து நாளும் சாயங்காலமானால் வீட்டுக்குத் திரும்பிவிடுவார் என்ற அந்தப் பழைய வரி எனக்கு வேறு மாதிரி கேட்டது. சென்னையில் நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துகிறது. 2023 பிப்ரவரி 10 அன்று கூகுளின் முகப்பிலும் ரோஸி வந்தார்.

'விகதகுமாரன்' பிரதி இன்று இல்லை. ஆகவே ரோஸி எப்படி நடித்தார் என்பதை உயிரோடிருக்கும் யாரும் பார்த்ததில்லை. இணையத்தில் தேடினால் பூச்சூடிய ஒரு பெண்ணின் மங்கலான படம் வரும். அது அவர்தான் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் இல்லை. வங்கியில் ஒரு கணக்குத் திறக்கவே போட்டோ, பெயருக்கு அத்தாட்சி, விலாசத்துக்கு அத்தாட்சி கேட்கிறோம். இவருக்கு மூன்று பெயர், ஒரு சந்தேகமான போட்டோ, எரிந்துபோன ஒரு விலாசம்.

இதையெல்லாம் இக்காவிடம் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாகர்கோவிலில் அவங்க இருந்த வீடு எங்கேன்னு பார்த்தீங்களா சாரே?" என்றார். இல்லை. இத்தனை வருடமாக ஊருக்குப் போகிற ரயிலில் நாகர்கோவிலைத் தாண்டிக் கொண்டுதான் இருக்கிறேன். திருவனந்தபுரத்திலிருந்து எழுபது கிலோமீட்டர்தான். நெய்யாற்றின்கரை, பாறசாலை, குழித்துறை என்று அந்த லாரி போன அதே திசை. பொங்கலுக்குப் போகும்போது இறங்கி விசாரிக்கலாம் என்று இருக்கிறேன். இறங்கி யாரிடம், எந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பது என்பதுதான் இன்னும் தெரியவில்லை.